வீட்டில் தமிழ் பேசக் கூடாது

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. குழந்தைகளின் மொழிக் குறைபாடுகளை ஆராயும் உளவியலாளர் என்று சொன்னால், கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சாம்பார் பிசைவதை நிறுத்திவிட்டு, "ஓ, ஊமைப் புள்ளைங்களுக்கு டாக்டரா?" என்பார். இல்லை என்றால், "அப்போ மெண்டலு?" என்பார். அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால் பாயசம் எங்கே வருகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார். நானும் இப்போதெல்லாம் "டீச்சர்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

இத்தனைக்கும் விஷயம் ஒன்றும் கஷ்டமானதில்லை. சில குழந்தைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். நாக்கில் ஒரு குறையும் இருக்காது. புத்தியும் சரியாக வேலை செய்யும். ஆனால் மற்ற பிள்ளைகள் யாரும் சொல்லித் தராமலே பிடித்துக்கொள்கிற பேச்சு, இவர்களுக்கு மட்டும் பிடிபடாது. கொஞ்சம் நீளமாக ஒரு வாக்கியம் சொன்னால் பாதியிலேயே தொலைத்துவிடுவார்கள். நேற்றுக் கற்ற சொல் இன்று வாயில் வராது. கேள்விக்குப் பதில் தெரியும், சொல்லத் தெரியாது. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் கடைசி பெஞ்சில் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அதற்கு வாத்தியார்கள் வைத்திருக்கும் பெயர் மக்கு. என் காலத்தில் பாதி இந்த ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டியே போய்விட்டது.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் என் கையில் ஒரு பரிசோதனைப் பெட்டியைக் கொடுத்தார்கள். வெளிநாட்டில் செய்தது. யாரோ மேஜையில் உட்கார்ந்து அதைச் செந்தமிழில் பெயர்த்து வைத்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு கீரப்பாளையம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போவேன். டம்ளர் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்க வேண்டும். பிள்ளை சந்தோஷமாக "டம்ளரு" என்று சொல்லும். சரியான விடை 'குவளை' என்று புத்தகத்தில் போட்டிருக்கும். ஆகவே தப்பு. எந்த வீட்டிலய்யா குவளையில் காபி குடிக்கிறார்கள்? பிள்ளைகள் பேசுகிற தமிழிலேயே ஒரு பரிசோதனை செய்வோமே என்று என் நெறியாளரிடம் கேட்டேன். "கொச்சைய வச்சி ஆராய்ச்சி பண்ணா யாரும்மா மதிப்பாங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வீம்புக்கென்றே நான் அதைச் செய்தேன். மதியச் சாப்பாட்டு வரிசையிலும் பள்ளி வேனிலும் உட்கார்ந்து பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, என் பெட்டியை நானே தயாரித்துக்கொண்டேன். பட்டம் வாங்குவதற்குள் என் வயதுக்காரிகள் எல்லாம் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

பிறகு சிதம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அறை எடுத்தேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் வருவார்கள். நாக்கில் வசம்பு தேய்த்திருப்பார்கள். வடலூரில் ஜோதி பார்த்து வேண்டிக்கொண்டிருப்பார்கள். "அவுங்கப்பாவே அஞ்சு வயசுலதான் பேசுனாரு" என்று யாராவது சொன்னதை நம்பிக் காத்திருந்திருப்பார்கள். இவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. பிள்ளை பேச வேண்டும் என்ற ஆசையில் செய்வது அது. என் கோபமெல்லாம், படித்தவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு சொல்கிற ஒரு புத்திமதி மேல். 'வீட்டில் தமிழ் பேசாதீர்கள்.' இதைக் கேட்டால் இன்றும் எனக்கு உச்சந்தலையில் ஏறும். ஏன் என்று சொல்கிறேன்.

கடலூரிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பெண்ணுக்கு ஏழு வயது இருக்கும், இரண்டாம் வகுப்பு. இரட்டைச் சடை, பெரிய கண்கள், முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு. தாய்க்கு முப்பதுகூட ஆகியிருக்காது, கீரப்பாளையத்துப் பெண். கணவர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பெண்ணை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ப்பதற்காகவே கடலூருக்குக் குடிவந்தவர்கள்.

உள்ளே நுழைந்ததும் அந்த அம்மா மகளைப் பார்த்து, "கம். சிட். நோ டச்," என்றார். அடுத்த நொடி என் பக்கம் திரும்பி, "வணக்கம் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, பரங்கிப்பேட்டை ரோட்டுல லாரி ஒண்ணு குறுக்கால நின்னுக்கிச்சி, பஸ்ஸு நவுரவே இல்ல, இவ வேற வாந்தி எடுத்துட்டா, எறங்கி வாய் கழுவிட்டு ஓடியாறோம்," என்று மூச்சுவிடாமல் கொட்டினார். எவ்வளவு அழகான பேச்சு! எல்லாம் எனக்கு. மகளுக்கு மூன்று கட்டளை.

பள்ளியில் முகாம் என்று சொல்லி வெளியூரிலிருந்து யாரோ ஒருவரை வரவழைத்திருக்கிறார்கள். அவர் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, இங்கிலீஷில் கேள்வி கேட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோரையும் அளந்து முடித்துவிட்டார். இந்தப் பெண் ஒரு கேள்விக்கும் வாயைத் திறக்கவில்லை. புத்தி வளர்ச்சி குறைவு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதை வைத்துக்கொண்டு பள்ளியின் தாளாளர், ஏப்ரலில் டி.சி. வாங்கிக்கொண்டு ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் கேட்டது ஒன்றுதான்.

"எம்பொண்ணுக்குப் புத்தி இல்லியா மேடம்? அத மட்டும் சொல்லிடுங்க."

பேச்சே தேவைப்படாத பரிசோதனையை எடுத்தேன். கலர் கட்டைகளை வைத்து, படத்தில் உள்ள மாதிரி அடுக்க வேண்டும். ஒரு தடவை செய்து காட்டினேன். அவ்வளவுதான், படபடவென்று அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பெரிய பிள்ளைகளுக்கு உள்ளதைக் கொடுத்தேன், அதையும் அடுக்கினாள். பிறகு ஒரு கதையின் படங்களைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொன்னேன். பாதியில் கையை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், திடீரென்று நாற்காலியிலிருந்து இறங்கி மேஜைக்கு அடியில் போய்விட்டாள். அவள் அம்மா பதறிப்போய், "நோ! நோ! கம்!" என்றார். பெண் வெளியே வந்தபோது கையில் ஒரு படம். எனக்கே தெரியாமல் கீழே விழுந்திருக்கிறது. அது இல்லாமல் கதை நகராது என்று கண்டுபிடித்துத் தேடிப் போயிருக்கிறாள். இந்தப் பிள்ளைக்குப் புத்தி இல்லையாம். எழுதிக் கொடுத்தவர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

ஆனால் பேச்சு வேறு கதை. "நாய் தொரத்துன பூன மரத்துல ஏறிடுச்சி" என்று சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்து, "நாய் பூன... மரம்," என்றாள். எளிமையான வாக்கியங்களும் அவள் வாயில் உடைந்து உடைந்துதான் வந்தன. மொழிக் குறைபாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது பிறப்பிலேயே வருவது. யாருடைய தப்பும் இல்லை.

அன்று போகும்போது கதவருகில் நின்று என்னையே பார்த்தாள். மெதுவாக, ஒரு எழுத்துப் பிசகாமல், "மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்?" என்றாள். பாத்ரூமைக் காட்டினேன். அசையவில்லை. அவள் கண் மேஜை மேல் இருந்த கட்டைகளில் இருந்தது. இன்னொரு தடவை விளையாட வேண்டுமாம். அவளிடம் இருந்த ஒரே முழு வாக்கியம் அதுதான். பள்ளியில் அதைச் சொன்னால் ஏதாவது நடக்கிறது, அதனால் எது வேண்டுமானாலும் அதையே சொல்கிறாள். "வீட்லயும் இப்டித்தான் மேடம். பசிச்சாலும் அதான், காச்ச அடிச்சாலும் அதான்," என்றார் அவள் அம்மா. 

"வீட்ல இவகிட்ட என்ன பேசுவீங்க?" என்று கேட்டேன்.

"பேசறது இல்ல மேடம்."

"அப்படின்னா?"

"எல்.கே.ஜி. சேக்குறப்பவே ஸ்கூல்ல சொல்லிட்டாங்க, வீட்ல தமிழ் பேசக் கூடாதுன்னு. ரெண்டு பாஷ பேசுனா கொழம்பிடும், பேச்சு இன்னும் லேட்டாவும்னாங்க. எனக்கு இங்கிலீஷ் வராது. மிஸ்ஸு சொல்லிக் குடுத்தாங்க, கம், கோ, சிட், ஈட், ஸ்லீப்... அத மட்டும் சொல்லுவேன்."

"மத்ததெல்லாம்?"

"வாய மூடிக்குவேன்."

வீம்பு இல்லை, வருத்தம்கூட இல்லை. ஒழுங்காக மருந்து கொடுத்தேன் என்பது போலச் சொன்னார். தன் அக்காவுடன் போனில் பேச வேண்டுமென்றால் தோட்டத்துப் பக்கம் போய்விடுவாராம், பாப்பா காதில் விழக்கூடாதே. புருஷனோடு பேச வேண்டியதைப் பாப்பா தூங்கிய பிறகு பேசுவாராம். டி.வி.யில் இங்கிலீஷ் கார்ட்டூன் மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட விடுவதில்லை. "அதுங்க ஒரே தமிழு மேடம், ஒட்டிக்கும்."

ஒட்டிக்கும்! சொறி சிரங்கு மாதிரி!

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? பேச்சைப் பிடிக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்கு மற்ற பிள்ளைகளைவிட ஜாஸ்தியாகப் பேச வேண்டும். சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும், காட்டிக் காட்டிச் சொல்ல வேண்டும். இரண்டு மொழி கேட்பதால் எந்தப் பிள்ளைக்கும் இந்தக் குறைபாடு வருவதில்லை. நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு தாயை வாயடைத்து வைத்துவிட்டு, பிள்ளை ஏன் பேசவில்லை என்று ஆள் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த வீட்டில் மிக்ஸி சத்தம் கேட்டிருக்கிறது, டி.வி. சத்தம் கேட்டிருக்கிறது, அம்மாவின் குரல் மட்டும் கேட்கவில்லை. அதுவும் எப்படிப்பட்ட குரல்! பஸ் லேட்டானதையே கதையாகச் சொல்லத் தெரிந்தவர்.

"உங்க பொண்ணுக்குப் புத்தி நல்லாவே இருக்கு. பேச்சுலதான் சிரமம். அது ஒரேயடியா போகாது, ஆனா நல்லா முன்னேறும். அதுக்கு மொதல்ல நீங்க பேசணும், உங்க தமிழ்ல," என்றேன்.

அவர் நம்பவில்லை. "நான் பேசுனா கெட்டுப்போயிடாதா மேடம்?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் கணவரும் வந்தார். அவருக்கு இன்னும் பயம். "தமிழ்ல பேசுனா இங்கிலீஷ் போயிடாதா? கம்பெனில ஒரு போர்டு மாட்டுனாக்கூட இன்னொருத்தன்கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சிக்கிறேன் மேடம். நான் படுற பாடு இவ படக் கூடாது." அவரிடம் எப்படிக் கோபப்படுவது? அந்த ஆசையைத்தானே எல்லோரும் பிடித்து ஆட்டுகிறார்கள். தமிழ் வந்தால்தான் அதன் மேல் இங்கிலீஷும் வரும் என்று பொறுமையாகச் சொன்னேன். பொறுமை எனக்கு அவ்வளவாக வராத விஷயம்.

"சரி, இப்ப பேசுங்க," என்றேன் அம்மாவிடம். மகளை எதிரில் உட்கார வைத்தேன்.

"என்னா மேடம் பேசறது?"

"அக்காகிட்ட போன்ல என்ன சொல்லுவீங்களோ அதையே சொல்லுங்க."

மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். சொந்த மகளிடம் பேச ஒரு தாய்க்குக் கூச்சம். கணவர்தான் மெதுவாக, "சும்மா சொல்லேன், காத்தால பால் பொங்குனது..." என்றார். "போ மாமா," என்று சிணுங்கிவிட்டு, மகள் பக்கம் திரும்பி, "இன்னிக்கி... பாலு பொங்கி ஊத்திக்கிச்சிடி," என்றார். அவ்வளவுதான், முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பெண் பயந்துபோய் அம்மாவின் மடியில் ஏறி, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாரம் ஒரு தடவை வந்தார்கள். பெரிய மாயமந்திரம் எதுவும் இல்லை. மத்தி மீன் கழுவினால், "மீன் கழுவுறேன். செதில எடுக்குறேன். ஐய, நாத்தம்!" என்று சொல்லிக்கொண்டே கழுவ வேண்டும். பெண் "மீனு நாத்தம்" என்றால், "ஆமாம், மீனு ரொம்ப நாறுது" என்று கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். வாய் திறந்ததும் அந்த அம்மாவை நிறுத்த முடியவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாராம். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் வழக்கம்போல, "என்னா, பாப்பாக்குப் பேச்சு வந்துருச்சா?" என்று கேட்பார்களாம், அவளை வைத்துக்கொண்டே. "அதோட நிறுத்துனாத் தேவல. நாக்க நீட்டு பாப்போம்னு ஒரு அம்மா இவ வாய்க்குள்ளவே எட்டிப் பாக்குது மேடம்," என்று திட்டுவார். திட்டுவதையும் மகளுக்குச் சொல்லிக் காட்டுவார். பெண்ணுக்கு இரண்டு சொல் மூன்று சொல்லாகி, பொங்கலுக்குப் பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக வர ஆரம்பித்தது. தப்பும் தவறுமாகத்தான். டாய்லெட் வாக்கியம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் என் அறையில், "கட்ட குடு," என்று கையை நீட்டினாள். பெட்டியையே கொடுத்துவிட்டேன்.

பள்ளி மட்டும் அசையவில்லை. போன் செய்தேன், ஏப்ரலில் வாருங்கள் என்றார்கள். ஏப்ரலில் போனேன்.

தாளாளர் அறையில் குளிர் தாங்கவில்லை. சுவர் முழுக்க ஷீல்டு. அவர் தலைக்கு மேலே, இங்கே இங்கிலீஷ் மட்டும் பேசவும் என்று பெரிய எழுத்தில் இங்கிலீஷில் ஒரு பலகை. என்னை மட்டும் உட்காரச் சொன்னார். அந்த அம்மா வயர்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், மகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா," என்றேன். நுனியில் உட்கார்ந்தார்.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். புத்தி நன்றாக இருக்கிறது, மொழியில்தான் குறை, பாடத்தைத் தமிழிலும் ஒரு தடவை சொன்னால் போதும் என்றேன். இந்த வயதுப் பிள்ளையை வெளியே தள்ளச் சட்டமும் இடம் கொடுக்காது என்றேன். அவர் இங்கிலீஷிலேயே பதில் சொன்னார். பள்ளியின் பெயர், ரிசல்ட், மற்ற பெற்றோர்கள், டிசிப்ளின். "இவங்க வீட்டுல தமிழ் பேச ஆரம்பிச்சதா கேள்விப்பட்டேன். அதுதான் ப்ராப்ளமே," என்பதையும் இங்கிலீஷில்தான் சொன்னார். டி.சி. ஏற்கெனவே எழுதி மேஜையில் தயாராக இருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவரின் முகமே மாறிவிட்டது.

"இன்னாடி கண்ணு? ஏன் அழுவுற? ... யாரு அடிச்சா? அண்ணனா? அவன நான் வந்து பாத்துக்குறேன்... நீ என் தங்கமில்ல, அழாத... அப்பா வரப்ப ஐஸ் வாங்கியாறேன்... ஆங், ரெண்டு. சோறு சாப்புடு, போ."

அவ்வளவு குழைவு! போனை வைத்துவிட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "சாரி. மை டாட்டர்," என்றார்.

கேட்க வேண்டியதை எல்லாம் நான் மனதில் அடுக்கிக்கொண்டேன். ஆனால் பேசியது நான் இல்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மா எழுந்தார்.

"சார், உங்க பொண்ணு அழுதா நீங்க தமிழ்ல பேசுறீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எம்பொண்ணு அழுதா நான் 'ஸ்டாப் கிரையிங்'னு சொன்னேன் சார். அதான் மிஸ்ஸு சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு மேல எனக்கு ஒரு வார்த்த தெரியாது. இவளுக்கு அம்ம போட்டுக் கெடந்தப்பக்கூட அதையேதான் சொன்னேன். கண்ணுன்னு சொல்லல, தங்கம்னு சொல்லல. எங்க வலிக்கிதுன்னு கேக்கல. கேட்டா கெட்டுப்போயிடும்னு நீங்கதான சொன்னீங்க? உங்க பொண்ணு கெட்டா போச்சி? சொல்லுங்க சார். இந்த ரூம்லதான சொன்னீங்க, இதே சேர்ல குந்திக்கினுதான சொன்னீங்க!"

குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. வராந்தாவில் போன டீச்சர் ஒருவர் நின்றுவிட்டார்.   இத்தனை வருஷம் நான் கத்திய கத்தல் எல்லாம் சேர்ந்தாலும் இதில் கால்வாசி வராது.

 தாளாளர் டி.சி.யை எடுத்து டிராயருக்குள் போட்டார். "சரிம்மா. இங்கயே படிக்கட்டும். மிஸ்ஸுகிட்ட நான் சொல்றேன்," என்றார், தமிழில். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அறையில் இருந்த சங்கடத்தைப் போக்க நினைத்தாரோ என்னவோ, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு பெண் பக்கம் குனிந்தார். தெருவில் எல்லோரும் கேட்கிற அதே கேள்விதான் அவர் வாயிலும் வந்தது.

"என்னா பாப்பா, பேச்சு வந்துருச்சா?"

அவள் அவரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தாள். சேலையைப் பிடித்த கையை விடாமல், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"எனக்கு இல்ல. அம்மாவுக்கு. அம்மாவுக்குப் பேச்சு வந்துருச்சி."